யார் முதலில் விட்டுக்கொடுப்பது? இலங்கையின் கடன் மறுசீரமைப்பும் சர்வதேச மன்றங்களும்

2022 சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் இருந்தது. ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன்களுக்கான கொடுப்பனவுகளை இடைநிறுத்துவதாக இலங்கை நிதி அமைச்சு அறிவித்தது. 1948 இல் சுதந்திரம் பெற்றதிலிருந்து அன்றுவரை வெளிநாட்டுக் கடனில் தவணை தவறாத நாடு அது. ஆனால் அந்த வாரம் வீடுகளில் பேச்சு வேறாக இருந்தது. காஸ் சிலிண்டர் எங்கே வந்திருக்கிறது, பால்மா எந்தக் கடையில் கிடைக்கும், இன்றைக்குக் கரண்ட் எத்தனை மணிக்குப் போகும். புத்தாண்டு இந்தக் கேள்விகளோடுதான் பிறந்தது.

அந்த அறிவித்தலுக்குப் பிறகு நடந்தவற்றைத்தான் இங்கே ஒரு நிகழ்வாக எடுத்துப் பார்க்கிறேன். ஒரு நாடு 'இப்போது என்னால் கட்ட முடியாது' என்று சொன்ன பிறகு, அதற்குக் கடன் கொடுத்தவர்களை ஓரிடத்தில் கூட்டி உட்காரவைப்பது யார்? சர்வதேச மன்றம் என்றதும் தலைவர்கள் வரிசையாக நின்று எடுத்துக்கொள்ளும் படம்தான் நமக்கு நினைவு வரும். இலங்கை விடயத்தில் உண்மையான வேலை கடிதங்களில் நடந்தது. கூட்டத்துக்கு யார் வந்தார், யார் வராமல் இருந்தார் என்பதில் நடந்தது. எல்லாம் பெருமளவு முடிய இரண்டு ஆண்டும் எட்டு மாதமும் எடுத்தது. அந்தக் காத்திருப்புக்கு அதிக விலை கொடுத்தவர்கள் அந்தக் கூட்டங்கள் எதிலும் உட்காராதவர்கள் என்பதுதான் என் மனதை விட்டு அகலாத விடயம்.

இந்த நிலைக்கு வந்த வழி பலருக்கும் தெரிந்ததே. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் சுற்றுலாத்துறையை அடித்தன. அந்த ஆண்டு இறுதியில் புதிய அரசாங்கம் வற் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது. பிறகு கொரோனா வந்தது. 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள், வயல்கள் விளையவில்லை. 2019 இறுதியில் சுமார் 7.6 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு ஒதுக்கு கரைந்துகொண்டே போனது. 2022 மே மாதத்தில், உண்மையில் எடுத்துச் செலவழிக்கக்கூடிய பணம் 50 மில்லியன் டொலர்கூட இல்லை என்று அரசாங்கமே சொல்லும் நிலை வந்தது. ஒரு பெற்றோல் கப்பலுக்குக் காசு கட்டவே யோசிக்க வேண்டிய நிலை.

அந்த ஜூலையில் பெற்றோல் செட்டுகளின் முன் வாகனங்கள் கிலோமீற்றர் கணக்கில் நின்றன. முச்சக்கரவண்டிக்காரர்கள் வண்டிக்குள்ளேயே படுத்தார்கள். வரிசையில் நின்று களைத்து உயிர்விட்ட முதியவர்களும் உண்டு. பிறகு கைப்பேசியில் காட்டும் கியூஆர் குறியீட்டு முறை வந்தது. தொடக்கத்தில் ஒரு வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர். ஐந்து லீற்றரை வைத்து ஒரு வாரம் ஹயர் ஓடிக் குடும்பம் நடத்து என்றால் எப்படி? செப்டெம்பரில் கொழும்பு நகரப் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது.

இனி கடன்காரர்களுக்கு, அதாவது கடன் கொடுத்தவர்களுக்கு, வருவோம்.

நாலு கடன்காரர், நாலு திசை

முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் இது நடந்திருந்தால் வழி ஓரளவு தெளிவாக இருந்திருக்கும். ஒரு நாடு நொடிந்தால் அது பாரிஸ் கிளப்பிடம் போகும். 1956 இல் ஆர்ஜென்டினாவின் கடனைப் பேச பாரிஸில் கூடியதிலிருந்து தொடரும் ஏற்பாடு அது. சட்டப்படி அமைந்த நிறுவனம் அல்ல. அரசாங்கங்கள் கொடுத்த கடனில் பெரும்பகுதி அந்த அறைக்குள் இருந்த பணக்கார நாடுகளுடையது என்பதால், அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தால் அரசாங்கக் கடன் விவகாரம் பெரும்பாலும் முடிந்துவிடும்.

2022 இல் இலங்கையின் கடன் அப்படி ஓரிடத்தில் இருக்கவில்லை. ஏறக்குறைய 12.5 பில்லியன் டொலர் சர்வதேச பிணைமுறிகளாக, அதாவது அரசு சந்தையில் விற்ற கடன் பத்திரங்களாக, உலகெங்கும் உள்ள முதலீட்டு நிதியங்களின் கையில் இருந்தது. அரசாங்கங்களில் பெரிய கடன்காரர்கள் சீனா, ஜப்பான், இந்தியா. இதில் ஜப்பான் மட்டும்தான் பாரிஸ் கிளப் உறுப்பினர். சீனக் கடனிலும் இரண்டு வாசல். எக்ஸிம் வங்கி எனும் ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடன் அரசாங்கக் கடனாகக் கணக்கிடப்பட்டது, சீன அபிவிருத்தி வங்கியின் கடன் வணிகக் கடனாகப் போனது. உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி ஆகியவற்றின் கடன்கள் வழமைபோல மறுசீரமைப்புக்கு வெளியே நின்றன. அவர்களும் பங்கு ஏற்க வேண்டும் என்று சீனா அந்தக் காலத்தில் வலியுறுத்திக்கொண்டிருந்தது.

சரி, சீனாவும் இந்தியாவும் உட்காரும் மன்றம் ஒன்றும் இல்லையா? இருந்தது. 2020 நவம்பரில் ஜி20 நாடுகள் பாரிஸ் கிளப்போடு சேர்ந்து கடன் தீர்வுக்கான பொதுச் சட்டகம் ஒன்றை உருவாக்கின. ஆனால் அதன் கதவு 73 வறிய நாடுகளுக்கு மட்டுமே திறந்திருந்தது. இலங்கை நடுத்தர வருமான நாடு. பால்மாவுக்கு வரிசையில் நிற்கும் தாய்க்கு அந்த வகைப்பாட்டால் என்ன பயன்? தலா வருமானப் பட்டியலில் சற்று மேலே இருந்ததாலேயே, நொடிந்த நாள் அன்று இலங்கைக்குப் போக ஓர் இடம் இல்லாமல் போனது. இந்த நிகழ்வில் நான் காணும் முதல் பெரிய குறை இதுதான். வறிய நாட்டுக்கு ஒரு கதவு, பணக்கார நாட்டுக்கு அதன் சொந்த நாணயம். இடையில் நிற்கும் நாட்டுக்கு எதுவும் இல்லை.

இடம் இல்லாவிட்டால் என்ன, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய்ப் பேசலாமே என்று தோன்றும். ஊரில் நாலு பேரிடம் கடன்பட்டு நொடிந்துபோன ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் கடன்காரர் நல்ல மனிதர், பாதியை விட்டுவிட நினைக்கிறார். ஆனால் அவருக்கு ஒரு பயம். நான் விட்ட பணத்தை இவர் எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்துத் தெருக்காரருக்கு முழுசாகக் கட்டிவிட்டால்? அதனால் அவர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். மற்ற மூவரும் அப்படியே இருப்பார்கள். எல்லோருக்கும் விட்டுக்கொடுக்க மனம் இருந்தும் ஒருவரும் அசைய மாட்டார்கள். நாலு பேரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்து, இவருக்கு இவ்வளவு, அவருக்கும் அவ்வளவே என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னால்தான் கை இளகும். கடன் மறுசீரமைப்பில் இதைச் சமமான நடத்துகை என்பார்கள். பாரிஸ் கிளப்பின் அடிப்படை விதிகளில் ஒன்று இது. மன்றம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

கடிதங்களுக்காக ஒரு நாடு காத்திருந்தது

2022 செப்டெம்பர் 1 அன்று சர்வதேச நாணய நிதியத்தின் அதிகாரிகளோடு இலங்கை ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. நான்கு ஆண்டுகளில் சுமார் 2.9 பில்லியன் டொலர். நாட்டின் 17 ஆவது நாணய நிதியத் திட்டம் அது. அதிகாரிகள் ஒத்துக்கொண்டால் மட்டும் பணம் வராது, நிதியத்தின் நிறைவேற்றுச் சபை அங்கீகரிக்க வேண்டும். தாங்க முடியாத கடன் சுமை உள்ள நாட்டுக்கு நிதியம் சும்மா பணம் கொடுக்காது. மற்றக் கடன்காரர்கள் தங்கள் கடனைச் சீரமைக்கத் தயார் என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். நிதி உத்தரவாதம் என்று அதற்குப் பெயர். ஒரு கடிதம், அவ்வளவுதான்.

அந்தக் கடிதங்களுக்காக செப்டெம்பர் போனது, ஒக்டோபர் போனது, அந்த ஆண்டும் முடிந்தது.

முதலில் எழுதியது இந்தியா, 2023 ஜனவரி நடுவில். அந்த வாரமே கொழும்புக்கு வந்த இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், மற்றவர்களுக்காகக் காத்திருக்காமல் இந்தியா தன் உறுதியை நாணய நிதியத்துக்குக் கொடுத்துவிட்டதாக அறிவித்தார். பெப்ரவரி தொடக்கத்தில் பாரிஸ் கிளப் எழுதியது. சீனாவின் எக்ஸிம் வங்கியும் ஜனவரியில் எழுதியிருந்தது, ஆனால் அதில் இருந்தது இரண்டு ஆண்டுத் தவணை ஒத்திவைப்பு. நிதியத்துக்கு அது போதவில்லை. கடன் தாங்கக்கூடிய அளவுக்கு இறங்கும் என்ற உறுதியே அவர்களுக்கு வேண்டும். திரும்பவும் பேச்சு. மார்ச் தொடக்கத்தில் சீனாவிடமிருந்து புதிய கடிதம் வந்தது, மார்ச் 20 அன்று நிறைவேற்றுச் சபை அங்கீகரித்தது. முதல் தவணையாக 333 மில்லியன் டொலர்.

ஏப்ரல் 12 இலிருந்து எண்ணினால் 342 நாட்கள். இந்த இடைவெளியில் ஒரு ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடினார், இன்னொருவர் வந்தார். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 சதவீதமும், அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதமும் கூடியது. அந்தப் பெப்ரவரி உயர்வு நாணய நிதியத்தின் அங்கீகாரத்தைப் பெறுவதற்கு முன்னேற்பாடாகச் செய்யப்பட்டது. ஆக, கடன்காரர்கள் தங்கள் கடிதத்தை எழுதி முடிப்பதற்கு முன்பே, இங்குள்ள குடும்பங்கள் தங்கள் பங்கைக் கரண்ட் பில்லில் கட்டத் தொடங்கிவிட்டன.

இந்த மாதங்களில் நாட்டை விழாமல் தாங்கியவை பெரிய மன்றங்கள் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022 இல் இந்தியா கொடுத்த கடன் வசதிகள், ஒத்திவைப்புகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 4 பில்லியன் டொலர். அதில் சார்க் நாடுகளுக்கான நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டின் கீழ் வந்த 400 மில்லியன் டொலரும் உண்டு. ஆசிய தீர்ப்பனவு ஒன்றியம் என்ற ஒன்றைப் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். 1974 இல் தொடங்கி, தெஹ்ரானைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குவது. அங்கத்துவ நாடுகள் தங்களுக்குள் நடந்த வர்த்தகத்தின் கணக்கை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நேர்செய்துகொள்ளும். அந்தக் கணக்கில் இலங்கை இந்தியாவுக்குக் கட்ட வேண்டியதை இந்தியா தள்ளிப்போட்டது. வங்காளதேசம் 2021 இல் கொடுத்த 200 மில்லியன் டொலரை உடனே திருப்பிக் கேட்கவில்லை. 2022 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. மே 18 அன்று அரிசி, பால்மா, மருந்துகளோடு முதல் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. இதே காலத்தில் மன்னார்ப் பக்கத்திலிருந்து கைக்குழந்தைகளோடு படகேறி தனுஷ்கோடி மணல் திட்டுகளில் இறங்கிய குடும்பங்களும் உண்டு. போர் முடிந்து 13 ஆண்டுகளுக்குப் பிறகு, இந்த முறை அவர்களைத் துரத்தியது அரிசி விலை.

கட்டப்பட்ட திண்ணை

2023 ஏப்ரல் 13 அன்று, வாஷிங்டனில் நாணய நிதியமும் உலக வங்கியும் நடத்தும் இளவேனில் கூட்டங்களின் ஓரத்தில், ஜப்பான், இந்தியா, பிரான்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து ஓர் ஏற்பாட்டை அறிவித்தன. உத்தியோகபூர்வ கடன்வழங்குநர் குழு. இந்த மூன்று நாடுகளும் இணைத் தலைமை, மொத்தம் 17 நாடுகள். ஏற்கெனவே இருந்த எந்த மன்றத்திலும் இலங்கைக்கு இடமில்லாததால், இலங்கைக்காகவே ஒரு மன்றத்தைக் கட்டினார்கள். நாடு நொடிந்து சரியாக ஒரு வருடமும் ஒரு நாளும் கழித்து.

இந்தியா பாரிஸ் கிளப் உறுப்பினர் அல்ல, ஆனாலும் அதன் உறுப்பு நாடுகளோடு சேர்ந்து தலைமை தாங்கியது. ஜப்பானின் பொறுமையையும் நான் மதிக்கிறேன். அவர்கள் நிதியுதவியில் கொழும்பில் கட்டவிருந்த இலகு ரயில் திட்டத்தை 2020 இல் இலங்கை ஒருதலைப்பட்சமாக நிறுத்தியிருந்தது. அந்த மனத்தாங்கலை வைத்துக்கொண்டு அவர்கள் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை.

சீனா வரவில்லை. மே மாதம் நடந்த முதல் கூட்டத்தில் பார்வையாளராக மட்டும் இருந்தது. பேச்சு இரு வழியாகப் போனது. 2023 ஒக்டோபரில், சுமார் 4.2 பில்லியன் டொலருக்குச் சீன எக்ஸிம் வங்கியோடு கொள்கை இணக்கம் என்று செய்தி வந்தது. அதன் நிபந்தனைகள் வெளியாகவில்லை. மற்றக் கடன்காரர்களுக்கு அந்தப் பழைய பயம் திரும்பியது, சீனாவுக்கு நம்மைவிட நல்ல ஒப்பந்தமோ என்று. நவம்பர் 29 அன்றுதான் குழுவும் கொள்கையளவில் இணங்கியது, சுமார் 5.9 பில்லியன் டொலருக்கு. இரண்டாவது தவணைக்காகக் காத்திருந்த நாணய நிதியச் சபை அதன் பிறகு, டிசம்பர் 12 அன்று கூடி அங்கீகரித்தது. ஒவ்வொரு பூட்டும் இன்னொரு பூட்டோடு பிணைக்கப்பட்டிருந்தது.

2024 ஜூன் 26 அன்று இரண்டு நகரங்களில் ஒரே நாளில் கையெழுத்து விழுந்தது. பாரிஸில் குழுவோடு 5.8 பில்லியன் டொலருக்கு, பீஜிங்கில் எக்ஸிம் வங்கியோடு 4.2 பில்லியன் டொலருக்கு. 2028 வரை தவணைகள் ஒத்திவைப்பு, 2043 வரை திருப்பிக் கட்ட அவகாசம். ஒரே திண்ணையில் உட்கார மறுத்தவர்கள் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டதை நான் சிறிய விடயமாக நினைக்கவில்லை. குழு ஒன்று இருந்ததால் அதன் நிபந்தனை ஓர் அளவுகோலாக நின்றது, பீஜிங்கால் அதிலிருந்து அதிகம் விலகிப் போக முடியவில்லை. வராதவரையும் ஒரு மன்றம் ஓரளவு கட்டிவைத்தது.

தனியார் முறிதாரர்கள் கடைசி. அவர்களில் ஒரு வங்கி 2022 ஜூனிலேயே முழுப் பணத்தையும் கேட்டு நியூயோர்க் நீதிமன்றம் போயிருந்தது. மற்றவர்களோடு பேச்சு இழுபட்டு, 2024 செப்டெம்பர் 19 அன்று, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு கொள்கை இணக்கம் வந்தது. தேர்தலில் வென்ற அநுர குமார திசாநாயக்கவின் அரசாங்கமும் அதை மாற்றாமல் ஏற்றுக்கொண்டது. டிசம்பர் 20 அன்று பழைய முறிகள் புதியவையாக மாறின. முதலில் அசலில் 27 சதவீதக் கழிவு என்றார்கள், ஆனால் 2025 முதல் 2027 வரை நாட்டின் டொலர் பெறுமதி வருமானம் எதிர்பார்த்ததைவிட உயர்ந்தால் அந்தக் கழிவு சுருங்கும். நாடு நன்றாகப் பிழைத்தால் கடன்காரருக்குக் கூடக் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு. வருமானம் டொலரில் அளக்கப்படுவதால், உற்பத்தி பெரிதாகக் கூடாமல் ரூபாவின் பெறுமதி மட்டும் உயர்ந்தாலும் அந்தக் கணக்கு ஏறும். இதை நான் கவலையோடுதான் பார்க்கிறேன்.

கூட்டத்துக்கு அழைக்கப்படாதவர்

வெளிநாட்டுக் கடன்காரர்கள் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், உள்நாட்டில் ஒரு மறுசீரமைப்பு ஒரே வார இறுதியில் முடிந்தது. 2023 ஜூன் 29 முதல் ஜூலை 3 வரை வங்கிகள் ஐந்து நாள் மூடியிருந்தன. ஜூலை 1 அன்று பாராளுமன்றம் உள்நாட்டுக் கடன் திட்டத்தை அங்கீகரித்தது. வங்கிகள் கையில் இருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. அவை ஏற்கெனவே நலிந்திருந்தன, தொட்டால் வைப்பாளர்கள் பதறுவார்கள் என்பது காரணம், அதில் உண்மையும் உண்டு. பெரும்பகுதிச் சுமை போன இடம் ஊழியர் சேமலாப நிதி. தன்னிடமிருந்த முறிகளைக் கொடுத்து நீண்டகாலப் புதிய முறிகளை வாங்கிக்கொள், மறுத்தால் முறி வருமானத்துக்கு 14 அல்ல, 30 சதவீத வரி. இதுதான் சேமலாப நிதியின் முன் வைக்கப்பட்ட தெரிவு. புதிய முறிகளுக்குச் சில ஆண்டுகள் 12 சதவீத வட்டி, அதன் பிறகு 9.

அந்தச் சேமலாப நிதியின் உறுப்பினர் யார்? தனியார் துறையில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள். தைப்பவர், கடையில் நிற்பவர், அலுவலகத்தில் தட்டச்சு செய்பவர். மலையகத்தில் அப்போது நாளொன்றுக்கு 1,000 ரூபாவுக்குக் கொழுந்து பறித்த பெண்ணின் சம்பளத்திலும் 8 சதவீதம் அந்தக் கணக்குக்குப் போனது, தோட்ட நிருவாகத்தின் பங்காக 12 சதவீதம் சேர்ந்தது. ஐந்தரை வயதுப் பிள்ளையை முன்பள்ளியில் விட்டுவிட்டு மலை ஏறிய நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் சேர்ந்த காசு. மகளின் கல்யாணத்துக்கு, லயத்தை விட்டு ஒரு துண்டுக் காணியில் வீடு கட்டுவதற்கு என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருக்கும் ஒரே சேமிப்பு. முறிதாரர்களுக்கு ஆலோசகர்கள் இருந்தார்கள், இலங்கை அரசுக்கும் பெயர்பெற்ற சர்வதேச ஆலோசனை நிறுவனம் இருந்தது. இந்தப் பெண்ணுக்காகப் பேச ஓர் ஆள் இருந்ததா? அவரும் அரசுக்குக் கடன் கொடுத்தவர்தான். அவருக்குச் சமமான நடத்துகை என்ற விதி பொருந்தவில்லை.

நீடித்த காத்திருப்பின் கணக்கும் இங்கேதான் வருகிறது. 2019 இல் 11 சதவீதத்தை ஒட்டியிருந்த வறுமை, 2023 இல் ஏறக்குறைய 26 சதவீதம் என்று உலக வங்கி மதிப்பிட்டது. 2022 இல் பொருளாதாரம் ஏழு சதவீதத்துக்கு மேல் சுருங்கியது, அடுத்த ஆண்டும் சுருங்கியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. எல்லாவற்றையும் மன்றத் தாமதத்தின் தலையில் போட முடியாது, நம் அரசாங்கங்கள் செய்த பிழைகளே முதல் காரணம். ஆனால் ஒவ்வொரு மாதத் தாமதத்திலும் முதலீடு வராமல் நின்றது, வேலை தேடி விமானம் ஏறுகிறவர்களின் வரிசை நீண்டது.

மன்றங்களால் விரைவாக ஓட முடியாதா? முடியும் என்பதற்கு 2008 சாட்சி. அமெரிக்க, ஐரோப்பிய வங்கிகள் சரிந்தபோது ஜி20 தலைவர்கள் முதன்முறையாக அந்த நவம்பரில் வாஷிங்டனில் கூடினார்கள். 2009 ஏப்ரல் 2 அன்று லண்டனில் மறுபடி கூடி, நாணய நிதியத்தின் கடன் வளத்தை 750 பில்லியன் டொலராக மூன்று மடங்காக்க முடிவெடுத்தார்கள். ஐந்தே மாதம். பெரிய வீடு பற்றிக்கொண்டால் எல்லா வாளியும் வரும்.

பொதுச் சட்டகத்துக்குள் இடம் கிடைத்த நாடுகளும் விரைவாகக் கரை சேரவில்லை. 2020 நவம்பரில் நொடிந்த சாம்பியா அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் விண்ணப்பித்தது. அரசாங்கக் கடன்காரர்களோடு 6.3 பில்லியன் டொலருக்கு உடன்பாடு வந்தது 2023 ஜூனில். பிறகு அது முறிதாரர்களோடு பேசி முடித்த ஒப்பந்தத்தை, எங்களுக்குச் சமமாக இல்லை என்று கடன்காரர் குழு அந்த நவம்பரில் தள்ளிவிட்டது. ஆகவே இலங்கையை அந்தச் சட்டகத்துக்குள் விட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கும் கால எல்லை இல்லை, தகவலை யார் யாரோடு எப்போது பகிர வேண்டும் என்ற தெளிவு இல்லை.

அந்தத் தெளிவைத் தேடித்தான் 2023 பெப்ரவரியில், இந்தியா ஜி20 தலைமையில் இருந்தபோது, உலகளாவிய இறைமைக் கடன் வட்டமேசை தொடங்கியது. முதல் நேரடிக் கூட்டம் பெங்களூரில் நடந்தது. நாணய நிதியமும் உலக வங்கியும் ஜி20 தலைமையும் கூட்டுகிற இந்த வட்டமேசையில் சீனா உட்கார்ந்தது, தனியார் கடன்காரர்களும் உட்கார்ந்தார்கள், கடன்பட்ட நாடுகளும் உட்கார்ந்தன. அங்கே எந்த நாட்டின் கடனும் தீர்க்கப்படவில்லை. சமமான நடத்துகையை எப்படி அளப்பது, எந்தத் தகவலை எப்போது கொடுப்பது என்று பேசினார்கள். 2025 ஏப்ரலில், நொடியும் நாடுகள் படிப்படியாக என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கைநூல் வெளியிட்டார்கள். 2022 இல் அப்படி ஒன்று கொழும்பில் யாருடைய மேசையிலும் இருக்கவில்லை.

இலங்கையில் எஞ்சிய தனித்தனி ஒப்பந்தங்கள் 2025 இல் கையெழுத்தாகின. ஜப்பான் மார்ச்சில், இந்தியா ஏப்ரலில் மோடி கொழும்பு வந்தபோது. முறிகளின் வட்டி இப்போதே போய்க்கொண்டிருக்கிறது. அரசாங்கங்களுக்கான தவணைகள் 2028 இல் தொடங்கும், முறிகளின் தொகை வருமானத்தைப் பொறுத்துக் கூடுமா குறையுமா என்பதும் அதே ஆண்டில் தெரியவரும். சேமலாப நிதி வாங்கிய முறிகளுக்கான வட்டி அதற்கு முன்பே 9 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும்.